முகமா, அட்டையா? புதுக் கருவி வாங்கும் முன் எந்த ஆணையத்தின் பேச்சைக் கேட்பது

சிங்கப்பூரில் தெம்பனிஸ் பக்கம் துணைப்பாட நிலையம் நடத்தும் தோழி ஒருவர், மென்பொருள் விற்பவர் கொடுத்த விலைப்பட்டியலை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். ஒரே பொட்டலத்தில் மூன்று வசதிகள். வாசல் கேமரா பிள்ளையின் முகத்தைப் பார்த்து வருகையைப் பதியும். வகுப்பறைக் கேமரா முகபாவத்தை வைத்து யார் பாடத்தைக் கவனிக்கிறார், யாருக்குச் சலிப்புத் தட்டிவிட்டது என்று கணக்கிட்டு ஆசிரியருக்குச் சொல்லும். தமிழ் வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கும் பிள்ளையின் பேச்சைப் பதிந்து, செயற்கை நுண்ணறிவு மதிப்பெண் போடும். ஒப்பந்தம் மூன்று ஆண்டு.

"சட்டத்துல இடம் இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்கண்ணே" என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனால் இன்றைய சட்டத்தை மட்டும் பார்த்து மூன்று ஆண்டுக்குக் கையெழுத்துப் போட எனக்குத் துணிச்சல் வராது. இடையில் வழிகாட்டி மாறும். வேறொரு நாடு இதே கருவியைத் தடை செய்யும். பெற்றோர் ஒருவர் அந்தச் செய்தியைக் கைத்தொலைபேசியில் திறந்து காட்டி, "இங்கேயும் இதைத்தான் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்பார்.

உலகத்தில் உள்ள தகவல் பாதுகாப்பு ஆணையங்கள் பலவும், வரப்போகும் தொழில்நுட்பம் என்ன பாடு படுத்தும் என்று முன்கூட்டியே கணிக்க ஆள் வைத்து வேலை செய்கின்றன. அவர்கள் எழுதுவதை நாம் காசில்லாமல் படித்துக்கொள்ளலாம். சிக்கல் என்னவென்றால், கணிக்கும் விதம் ஆளுக்கு ஆள் வேறு. சிங்கப்பூர் வழிகாட்டி எழுதி, கருத்துக் கேட்டு, திருத்துகிறது. பிரிட்டன் சில ஆண்டுக்கு அப்பால் எட்டிப் பார்த்து அறிக்கை போடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் சட்டமாகவே எழுதிவிடுகிறது. இந்த மூன்றில் எதை நம்பித் தோழி முடிவெடுக்கலாம் என்று பார்ப்போம்.

உள்ளூர் வழி

நம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நிறைவேறியது. அதன் முக்கிய விதிகள் 2014 ஜூலை 2ஆம் தேதி நடப்புக்கு வந்தன. முக அடையாளத்துக்கு என்று அதில் தனி விதி கிடையாது. நோக்கத்தைச் சொல், ஒப்புதல் வாங்கு, நியாயமான ஒருவர் ஏற்றுக்கொள்ளும் காரியத்துக்கு மட்டும் பயன்படுத்து, பத்திரமாக வை, தேவை முடிந்ததும் அழித்துவிடு என்ற பொதுக் கடமைகள்தான். ஐரோப்பாவில் முகம், விரல்ரேகை போன்ற பயோமெட்ரிக் தகவல், கூடுதல் பாதுகாப்பு உள்ள சிறப்புப் பிரிவுக்குள் வருகிறது. இங்கே அப்படி ஒரு பிரிவை வைக்கவில்லை.

சட்டம் பொதுவாக இருப்பதால், முன்கூட்டிக் கணிக்கும் வேலை முழுவதும் வழிகாட்டிகளுக்குள் போய்விட்டது. செயற்கை நுண்ணறிவை நிறுவனங்கள் எப்படிக் கட்டுக்குள் வைத்திருப்பது என்ற மாதிரிக் கட்டமைப்பு 2019 ஜனவரியிலேயே வந்தது. ஓராண்டில் இரண்டாம் பதிப்பு. பாதுகாப்புக் கேமராக்களிலும் நுழைவாயில்களிலும் பயோமெட்ரிக் தகவலைக் கையாள்வது பற்றிய வழிகாட்டி 2022 மே மாதம் வெளியானது. செயற்கை நுண்ணறிவுக்குத் தனிநபர் தகவலைப் பயன்படுத்துவது பற்றி 2023 ஜூலையில் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். 2024 மார்ச்சில் அது இறுதி வடிவம் பெற்றது. இணையத்தில் பிள்ளைகளின் தகவலைக் கையாள்வது பற்றியும் அதே மாதம் ஒரு வழிகாட்டி வந்தது.

சோதனைக்களம் என்று இன்னொன்றும் உண்டு. தகவலை வெளிப்படுத்தாமலே கணக்குப் போட உதவும் தொழில்நுட்பங்களை நிறுவனங்கள் பழகிப் பார்க்க, 2022 ஜூலையில் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமும் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையமும் சேர்ந்து அதைத் தொடங்கின. நல்ல ஏற்பாடு, ஆனால் இரண்டு வகுப்பறை உள்ள துணைப்பாட நிலையத்துக்கு அங்கே வேலையில்லை.

சரி, தோழியின் மூன்று வசதிகளைப் பற்றி உள்ளூர் வழி என்ன சொல்கிறது? முக அடையாளத்துக்கு 2022 வழிகாட்டி மூன்று ஆபத்துகளை முன்வைக்கிறது: வேறொருவர் முகத்தைப் போலியாகக் காட்டி ஏமாற்றுவது, கருவி ஆளை மாற்றி அடையாளம் காண்பது, சேமித்து வைத்த முக வார்ப்புகளுக்கு (முகத்தை எண்களாக்கி வைத்த பதிவுகளுக்கு) மொத்தமாக ஆபத்து வருவது. கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற முடியாது என்பதால் மூன்றாவதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஆனால் அந்த வழிகாட்டி பெரும்பாலும் கட்டட நிர்வாகிகளையும் பாதுகாப்பு நிறுவனங்களையும் மனத்தில் வைத்து எழுதியது. எட்டு வயதுப் பிள்ளைகள் நுழையும் வாசல் அதில் மையமாக இல்லை. பிள்ளைகள் பற்றிய வழிகாட்டியைச் சேர்த்துப் படித்தால், 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும், பிள்ளைகளின் தகவல் கசிந்தால் தீங்கு பெரிது என்று கருதிக் கூடுதல் கவனத்துடன் காக்க வேண்டும் என்பது தெளிவாகும். அது இணையச் சேவைகளுக்கு எழுதியது என்றாலும், துணைப்பாட நிலையம் அதைவிடக் குறைவாக நடந்துகொள்ள என்ன காரணம் சொல்ல முடியும்?

கவனத்தை அளக்கும் கேமராவைப் பற்றி நம் வழிகாட்டிகளில் தோழிக்கு நேரடிப் பதில் கிடைக்காது. "நியாயமான ஒருவர் இதை ஏற்பாரா" என்ற சட்டத்தின் அளவுகோலை அவரே எடுத்து அளந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வாய்மொழிப் பயிற்சிக்கு 2024 மார்ச் வழிகாட்டி நன்றாக உதவுகிறது. மென்பொருளை உருவாக்கும் கட்டம், பயன்படுத்தும் கட்டம், பிறருக்குச் செய்து தரும் கட்டம் என்று பிரித்துப் பேசுகிறது. இதில் தொழில் மேம்பாட்டு விலக்கு என்று ஒன்று உண்டு. சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஒப்புதல் இல்லாமலே நிறுவனம் தன்னிடம் உள்ள தகவலைத் தன் சேவையை மேம்படுத்தப் பயன்படுத்தலாம். நிலையத்தின் பிள்ளைகள் குரலை எடுத்து விற்பனையாளர் தன் மென்பொருளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொள்ள இந்த விலக்கு இடம் கொடுக்கிறது என்று யாராவது பேச்சுவாக்கில் சொன்னால், "எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பது நல்லது.

உள்ளூர் வழியின் பலம், அது நம்மைக் கட்டுப்படுத்தும் சட்டத்தோடு ஒட்டியிருப்பது. தெம்பனிஸில் தகவல் கசிந்தால் நடவடிக்கை எடுப்பவர் சிங்கப்பூர் ஆணையர்தான். 500 பேர் அல்லது அதற்கு மேல் பாதிக்கப்பட்டாலோ, பெருந்தீங்கு நேரக்கூடும் என்றாலோ, அதை மதிப்பிட்டு உறுதிசெய்த பிறகு மூன்று நாளுக்குள் ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும். அபராதத்தின் உச்சவரம்பு ஒரு மில்லியன் வெள்ளி. உள்ளூர் ஆண்டு வருவாய் 10 மில்லியன் வெள்ளியைத் தாண்டும் நிறுவனங்களுக்கு அந்த வருவாயில் 10 விழுக்காடு வரை போகலாம். பலவீனம், கடைசி முடிவை நம் தலையிலேயே விட்டுவிடுவது. சட்டப் பிரிவு வைத்திருக்கும் வங்கிக்கு இது சுதந்திரம். பாடமும் எடுத்து, கட்டணமும் வசூலித்து, சட்டம் கேட்பதால் தகவல் பாதுகாப்பு அதிகாரியாகவும் தன் பெயரையே எழுதி வைத்திருக்கும் ஒருவருக்கு இது சுமை.

டிரேஸ்டுகெதர் விட்டுச்சென்ற பாடம்

முன்கணிப்பு எங்கே தவறும் என்பதற்கு நாம் வெளிநாட்டைத் தேடிப் போக வேண்டாம். கொவிட்-19 தொற்றியவரோடு தொடர்பில் இருந்தவர்களைக் கண்டறிய 2020 மார்ச்சில் வந்த டிரேஸ்டுகெதர் செயலி, வடிவமைப்பில் மிகக் கவனமான ஒன்று. இருப்பிடத்தைப் பதியாமல் புளூடூத் மூலம் யார் யார் அருகில் இருந்தார்கள் என்பதை மட்டும் பதிந்தது. தகவல் கைத்தொலைபேசியிலேயே இருந்து 25 நாளில் அழிந்தது. தொழில்நுட்பம் தரக்கூடிய ஆபத்தை முன்கூட்டியே யோசித்துச் செய்த வேலை அது.

ஆனால் 2021 ஜனவரியில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறை அந்தத் தகவலைக் கேட்டுப் பெற முடியும் என்று நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. தொடர்புத் தடமறிதலுக்கு மட்டும் என்று முன்பு மக்களுக்குச் சொல்லியிருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், பிப்ரவரியிலேயே அவசரமாகச் சட்டம் இயற்றி, கொடிய குற்றங்களின் ஏழு வகைகளுக்கு மட்டும் என்று வரம்பு கட்டினார்கள். இத்தனைக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது என்பதால், ஆணையத்தின் கண்காணிப்பு வட்டத்துக்கே இந்த விவகாரம் வெளியில்.

கருவியின் ஆபத்தை எல்லோரும் யோசித்தார்கள். எப்போதோ எழுதி வைத்த வேறொரு சட்டம் அந்தத் தகவலின் கதவைத் தட்டும் என்பதுதான் நழுவிப் போனது. தோழியின் நிலையத்துக்கும் இது பொருந்தும். வருகைப் பதிவுக்கு என்று எடுத்த முகம், நாளைக்குக் கட்டணம் கட்டாதவரை வாசலில் நிறுத்தவும், பிள்ளை எத்தனை மணிக்கு யாரோடு கிளம்பியது என்று பெற்றோர் சண்டையில் சாட்சி காட்டவும் பயன்படும். விற்பனையாளரின் சிற்றேட்டில் இந்த வரி இருக்காது.

பிரிட்டன்: முன்பே எச்சரித்து, அப்புறம் பிடிப்பது

பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2022 டிசம்பரிலிருந்து தொழில்நுட்பத் தொடுவான அறிக்கைகளை வெளியிடுகிறது. சில ஆண்டுகளில் பரவலாகக்கூடிய தொழில்நுட்பங்களைப் பொறுக்கி எடுத்து, அவை வந்தால் யாருடைய தகவலுக்கு என்ன ஆகும் என்று அலசுவார்கள். 2024 பிப்ரவரி அறிக்கையில் மரபணுவியல், நரம்புத் தொழில்நுட்பம், குவாண்டம் கணினி, வணிக டிரோன்கள் எல்லாம் இருந்தன. படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் துணைப்பாட நிலையத்தில் குவாண்டம் கணினிக்கு என்ன வேலை?

கணிப்பு நழுவுவதும் உண்டு. முதல் அறிக்கை வந்தது சாட்ஜிபிடி வெளியான சில வாரங்களில். அதில் விரிவாக எடுத்துக்கொண்ட நான்கு துறைகள் நலவாழ்வுக் கருவிகள், இணையத்தோடு இணைந்த பொருள்கள், மெய்நிகர் உலகம், பரவலாக்கிய நிதி. உலகமே பேசவிருந்த ஒன்று அந்த நான்கில் இல்லை.

இருந்தாலும் தோழியின் கேள்விக்கு மிக நேரான இரண்டு பதில்கள் எனக்குக் கிடைத்தது பிரிட்டனிலிருந்துதான்.

முதலாவது 2022 அக்டோபர். பயோமெட்ரிக் தொழில்நுட்பம் பற்றிய முன்னோக்கு அறிக்கையை வெளியிட்டபோதே, முகபாவத்தையும் பார்வையையும் வைத்து உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகளை அந்த அலுவலகம் பெயர் சொல்லி எச்சரித்தது. அவை இன்னும் முதிராத தொழில்நுட்பம், பாகுபாட்டுக்கு வழி வகுக்கும், தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பொருந்தும் விதத்தில் வளர்ந்த ஒன்றை இதுவரை தாங்கள் பார்க்கவில்லை என்று துணை ஆணையர் ஸ்டீபன் பானர் கூறினார். கன்னத்தில் கைவைத்து ஜன்னலைப் பார்க்கும் பிள்ளை கணக்கை மனத்துக்குள் போட்டுக்கொண்டிருக்கலாம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும், கேமராவுக்குத் தெரியாது.

இரண்டாவது 2024 பிப்ரவரி. சர்கோ லெஷர் நிறுவனமும் அதோடு இணைந்த அமைப்புகளும் 38 பொழுதுபோக்கு மையங்களில், 2,000க்கும் அதிகமான ஊழியர்களின் வருகையை முகத்தையும் விரல்ரேகையையும் வைத்துப் பதிந்து வந்தன. அதை நிறுத்தும்படி ஆணையர் அலுவலகம் உத்தரவிட்டது. அட்டை மாதிரி எளிய வழிகள் இருக்கும்போது முகம் எதற்கு என்பதை நிறுவனத்தால் விளக்க முடியவில்லை; வேண்டாம் என்கிறவருக்கு மாற்று வழியையும் அது காட்டவில்லை. ஊழியரும் முதலாளியும் சம பலத்தில் இல்லாதபோது, மறுக்க முடியாத ஒப்புதல் ஒப்புதலே ஆகாது என்பது அதன் உள்ளர்த்தம்.

"எங்கள் பெற்றோர் விருப்பப்பட்டால் வேறு நிலையத்துக்குப் போகலாமே" என்று தோழி கேட்கலாம். அந்த ஆண்டே தேசியத் தேர்வு எழுதவிருக்கும் தொடக்கநிலை 6 பிள்ளையை ஜூலை மாதத்தில் நிலையம் மாற்றிய பெற்றோரை எனக்குக் காட்டட்டும்.

ஐரோப்பா: வேலியைப் போட்டுவிடுவது

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன் தடைகள் 2025 பிப்ரவரி 2 முதல். வேலையிடத்திலும் கல்வி நிலையத்திலும் ஒருவரின் உணர்ச்சியை ஊகிக்கும் கருவி, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, அங்கே தடை. மீறினால் 35 மில்லியன் யூரோ அல்லது உலகளாவிய வருவாயில் 7 விழுக்காடு வரை அபராதம். தோழியின் இரண்டாவது வசதியை ஸ்பெயினில் விற்க முடியாது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

இந்தத் தடை எப்படி வந்தது என்பதுதான் நம் கேள்விக்கு முக்கியம். 2021 ஏப்ரலில் வந்த முதல் வரைவில் உணர்ச்சியைக் கணிக்கும் கருவிக்கு, "பயன்படுத்துகிறோம் என்று தெரியப்படுத்து" என்ற கடமை மட்டுமே பொதுவாக இருந்தது. அதே ஆண்டு ஜூனில் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியமும் தரவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளரும் சேர்ந்து கருத்துத் தெரிவித்து, இதைத் தடையாக்கச் சொன்னார்கள். மூன்றரை ஆண்டு கழித்துத் தடை நடப்புக்கு வந்தது. ஆணையங்களின் கருத்து அன்றைக்கு யாரையும் கட்டுப்படுத்தவில்லை. ஆனால் அதைப் படித்தவர்களுக்கு ஒரு முழு ஒப்பந்தக் காலம் முன்கூட்டியே தகவல் கிடைத்தது.

முக வருகைப் பதிவிலும் ஐரோப்பா முன்பே பேசியிருக்கிறது. சுவீடனில் ஷெலெஃப்தியோ நகரப் பள்ளி ஒன்று 22 மாணவர்களை வைத்துச் சில வாரம் முக அடையாள வருகைப் பதிவைச் சோதித்துப் பார்த்தது. 2019 ஆகஸ்ட்டில் அந்நாட்டு ஆணையம் 200,000 குரோனர் அபராதம் விதித்தது. பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கியிருந்தார்கள். பள்ளிக்கும் மாணவருக்கும் இடையில் உள்ள பலத்தைப் பார்க்கும்போது அந்த ஒப்புதல் செல்லாது என்று ஆணையம் சொல்லிவிட்டது.

வாய்மொழிப் பயிற்சி மாதிரி, கற்றதை மதிப்பிடும் மென்பொருளுக்குத் தடை இல்லை. அது கடும் நிபந்தனைகளோடு அனுமதிக்கும் உயர் அபாயப் பிரிவில் வருகிறது.

இந்த வழியின் குறை, வேலி போட்ட இடத்துக்குப் பக்கத்தில் புதுப் பாதை முளைப்பது. 2021 வரைவில் பொதுப் பயன்பாட்டுச் செயற்கை நுண்ணறிவுக்கு ஏற்பாடு இல்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, பேச்சுவார்த்தையின் பாதி வழியில் அதற்கென்று தனி அத்தியாயத்தைச் சேர்த்தார்கள். பிரிட்டனுக்கு நழுவியது இவர்களுக்கும் நழுவியது. சட்டத்தைத் திருத்துவது அறிக்கையைத் திருத்துவதைவிட எவ்வளவோ கடினம்.

என் முடிவு

தோழிக்கு நான் சொன்னது: அடித்தளத்துக்கு உள்ளூர் வழிகாட்டி, சந்தேகம் வரும் இடத்தில் பிரிட்டனின் எச்சரிக்கை. ஐரோப்பியச் சட்டத்தை முழுவதும் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். தடைப் பட்டியலை மட்டும் ஒரு முறை பார்த்தால் போதும். மூன்றையும் சம எடை போட்டால் எந்த முடிவுக்கும் வர முடியாது.

முகபாவக் கேமரா வேண்டவே வேண்டாம். சிங்கப்பூரில் தடை இல்லை என்பது உண்மை. ஆனால் ஒரு நாட்டின் ஆணையம் 2022இல் எச்சரித்து, 27 நாடுகளின் சட்டம் 2025இல் தடுத்த ஒன்றை, "நியாயமான ஒருவர் ஏற்பார்" என்று நம் ஆணையத்தின் முன் நின்று வாதாட நான் தயாராக இல்லை.

முக வருகைப் பதிவுக்கும் வேண்டாம் என்றே சொன்னேன். ஆனால் இதில் என் உறுதி சற்றுக் குறைவு. பெற்றோர் ஒப்புதல், மறுப்பவருக்கு அட்டை, மாணவர் விலகியதும் அழிப்பு என்று எல்லாம் சரியாகச் செய்தால் உள்ளூர்ச் சட்டத்தில் நிற்கக்கூடும். மறுப்பவருக்கு எப்படியும் அட்டை கொடுக்கத்தான் போகிறோம் என்றால், எல்லோருக்கும் அதையே கொடுத்துவிட்டுப் போகலாமே. ஒரு வகுப்பில் பதினைந்து இருபது பிள்ளைகள்தான். பெயர் சொல்லிக் கூப்பிட இரண்டு நிமிடம் ஆகாது.

வாய்மொழிப் பயிற்சியை வாங்கலாம். மூன்றில் பிள்ளைகளுக்கு உண்மையில் பயன் தருவது இதுதான். வீட்டில் ஆங்கிலம் மட்டும் புழங்கும் பிள்ளைக்கு, கூச்சமில்லாமல் தமிழ் பேசிப் பார்க்க ஓர் இடம் கிடைக்கிறது. நிபந்தனைகள் உண்டு. குரல் பதிவு எந்த நாட்டில் சேமிக்கப்படும், எப்போது அழியும் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். பிள்ளைகளின் பேச்சை வைத்து மென்பொருளுக்குப் பயிற்சி கொடுக்கக் கூடாது, அல்லது அதற்குத் தனி ஒப்புதல் வாங்க வேண்டும். இன்னொன்று, சட்டத்தின் துல்லியக் கடமை: ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் தகவல் சரியாக இருக்க நியாயமான முயற்சி எடுத்தாக வேண்டும். தமிழ்நாட்டுப் பேச்சை வைத்துப் பழகிய மென்பொருள், ஈசூனில் வளரும் பிள்ளையின் தமிழைத் தவறு என்று சொல்லலாம். அதனால் மதிப்பெண்ணைப் பெற்றோருக்கு நேராக அனுப்பாமல், ஆசிரியர் கேட்டுப் பார்த்த பிறகு அனுப்பச் சொன்னேன். ஒப்பந்தத்தையும் மூன்று ஆண்டிலிருந்து ஓர் ஆண்டாகக் குறைக்கச் சொன்னேன். தள்ளுபடி போகும், போகட்டும்.

உங்கள் நிலைமை வேறு என்றால் என் பதிலும் மாறும். கூட்டுரிமை வீட்டு நிர்வாகக் குழுவில் இருப்பவருக்கு 2022 பயோமெட்ரிக் வழிகாட்டி மட்டுமே பெரும்பாலும் போதும். அது அவர்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. ஊழியர் வருகைக்கு முகக் கருவி வாங்க நினைக்கும் முதலாளி, சர்கோ உத்தரவை முதலில் படிக்கட்டும். இந்த மாதிரி மென்பொருளை எழுதி விற்பவராக இருந்தால் வரிசையே தலைகீழ்: ஐரோப்பியச் சட்டத்தில் தொடங்குங்கள், ஏனென்றால் அங்கே விற்க முடியாததை இங்கே வாங்குபவரும் இனிமேல் கேள்வி கேட்பார்.